1:35 அளவிலான ஸ்டாலின்கிராட் காட்சி மாதிரியில் வீரர்களின் சீருடையைத் துணியில் தைக்கலாமா?

1:35 அளவுக்குத் துணி பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து; 175 செ.மீ. உயரமுள்ள வீரர் அங்கே 5 செ.மீ. உருவமாகிவிடுவதால், 0.3 மி.மீ. தடிமனுள்ள பருத்தித் துணிகூட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கம்பளம்போலத் தோன்றும். ஆகவே எப்பாக்சி பசைமாவை (இரு பகுதிகளைக் கலந்ததும் மெல்ல இறுகிக் கெட்டியாகும் களிமண் போன்ற பொருள்) பிசைந்து, டால்கம் பவுடர் தூவிய கண்ணாடியின்மீது தாள்போல் மெலிதாக உருட்டி, அது இறுகுவதற்குள் உருவத்தின்மேல் போர்த்தி, முழங்கையிலும் அக்குளிலும் இடுப்பு வாருக்குக் கீழும் துணி இழுபடும் திசையிலேயே மடிப்புகளை அழுத்துங்கள். செஞ்சேனையினரின், அதாவது சோவியத் படையினரின், பஞ்சு வைத்துத் தைத்த குளிர்கால மேற்சட்டைக்குச் செங்குத்தான தையல் கோடுகளை ஊசிமுனையால் கீறினால் போதும்.

காட்சி 1942 நவம்பரில் நிகழ்வதாயின் தோள்பட்டைச் சின்னங்களை வைக்கவே கூடாது; அவை 1943 ஜனவரியில்தான் செஞ்சேனைக்கு வந்தன, அதுவரை பதவிச் சின்னங்கள் கழுத்துப்பட்டியில் இருந்தன. துணியில்தான் தைக்க வேண்டுமென்றால், உருவம் சுமார் 30 செ.மீ. வரும் 1:6 அளவைத் தேர்ந்தெடுங்கள்.