காது கொடுக்கவும் பயிற்சி வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

மனநல ஆலோசகராவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். பலரும் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 41 வயதுங்க. பி.காம். படிச்சுட்டு மஞ்சள் மண்டியில 15 வருசம் கணக்கு எழுதினேன். பிள்ளைங்க காலேஜ் போயிட்டாங்க. கவுன்சலிங் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. மூணே மாசத்துல ஆன்லைன்ல சர்டிபிகேட் தர்றதா ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமுங்களா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: பணம் கட்ட வேண்டாம். வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ள நல்ல விஷயங்கள் அதில் இருக்கலாம். ஆனால் எதிரே ஒருவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், எதைக் கேட்காமல் விட்டீர்கள் என்று மூத்த ஆலோசகர் ஒருவர் வாராவாரம் கேட்டுத் திருத்துவது அதில் இருக்காது. இந்தத் தொழிலில் ஆளை உருவாக்குவது அந்தத் திருத்தம்தான். எந்தப் படிப்பை விசாரித்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். நிஜமான ஆட்களோடு எத்தனை மணி நேரம் உட்கார வைப்பீர்கள்? அதை மேற்பார்வை பார்ப்பது யார், அவருடைய தகுதி என்ன? பிரிட்டனின் ஆலோசகர் சங்கமான பி.ஏ.சி.பி. அங்கீகரிக்கும் படிப்புகளில் குறைந்தது 100 மணி நேரம் மேற்பார்வையோடு ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும். இதற்குப் பதிலாக "கேஸ் ஸ்டடி பி.டி.எப். கொடுப்போம்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வழி இரண்டு. ஒன்று உளவியல் முதுகலை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை இருக்கிறது. வேறு பட்டம் படித்தவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் தகுதி வரியைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள். "வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி" என்று யாராவது சொன்னால், 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். வீட்டையும் பார்த்துக்கொண்டு படிக்க நினைத்த பெண்களுக்கு இது பெரிய இழப்பு. ஆனாலும் ஆளைப் பார்க்காமல் படிக்கிற படிப்பு இது கிடையாது.

இன்னொன்று எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப் பணி முதுகலை. அதில் மருத்துவம், மனநலம் சார்ந்த சிறப்புப் பாடத்தை எடுக்க வேண்டும். நம் பக்கம் பலரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணி இருக்கும். மருத்துவமனை, பள்ளி, குடிமீட்பு மையம் என்று அனுப்புவார்கள். உங்களைப் போல மனிதர்களோடு பழகித் தேர்ந்தவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்பது வேறு. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த படிப்பை மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்து, அங்கே பதிவெண் வாங்கியவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு பலகையில் எழுதிவிடக் கூடாது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர், ஆலோசகர், மனநல சமூகப் பணியாளர் எல்லோரையும் ஒரு பட்டியலில் கொண்டுவந்திருக்கிறது. அந்தச் சட்டப்படி துணை மருத்துவத் தொழிலாளர் என்று கணக்கில் வரவே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். மூன்று மாதச் சான்றிதழ் அந்தப் பக்கமே எட்டாது.

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கேள்வி: எங்க கம்பெனி லைன்ல வேலை செய்யற பிள்ளைங்க எல்லாம் மனசுல இருக்கறத எங்கிட்டத்தான் சொல்லுவாங்க. நல்லாக் காது கொடுத்துக் கேட்கறேன்னு பேரு. இதுக்கு மேல படிப்புல என்னதான் சொல்லித் தருவாங்க? (வாசகி, திருப்பூர்)

பதில்: நல்ல கேள்வி. "ஆலோசகர்" என்ற சொல்லே இங்கே குழப்பம் செய்கிறது. ஆலோசனை சொல்கிறவர் என்று நினைத்துத்தான் வருகிறவரும் வருகிறார், படிக்கிறவரும் படிக்கிறார். பயிற்சியின் முதல் ஆறு மாதம் ஆலோசனை சொல்லும் பழக்கத்தை விடுவதற்கே சரியாகப் போகும்.

ஒரு பெண் வந்து, "மாமியா வந்ததுல இருந்து தூக்கமே இல்லைங்க. ஷிப்ட் முடிஞ்சு போனா வூட்டுப் படியேறவே கால் வர மாட்டேங்குது" என்கிறார். பழக்கமான காது உடனே நான்கு விதமாகத் தவறும். "கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போ கண்ணு" என்பது அறிவுரை. "எல்லா வூட்லயும் இருக்கறதுதான்" என்பது ஆறுதல் போலத் தோன்றினாலும், உன் கதையை நிறுத்து என்றுதான் அவருக்குக் கேட்கும். "மாமியா எப்ப வந்தாங்க? எத்தனை நாள் இருப்பாங்க? வூட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்பது விசாரணை. "எங்க மாமியாளும் அப்படித்தான்" என்றால் கதை உங்களுடையதாகிவிடும்.

பயிற்சி பெற்றவர் இப்படிச் சொல்லக்கூடும்: "நாள் முழுக்க நின்னு வேலை பார்த்துட்டு வர்றீங்க. உட்காரலாம்னு இருந்த இடமே இப்ப பயமா இருக்குதுங்க." சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்தப் பெண் சொன்ன 'கால் வர மாட்டேங்குது' என்பதற்குள் பயம் இருக்கிறதா, கோபமா, அவமானமா என்று தேடுகிற வாக்கியம் அது. 'பயம்' என்று சொன்னது தப்பாக இருந்தாலும் குற்றமில்லை. "பயம் இல்லீங்க, ரோசம்" என்று அவரே திருத்துவார். வந்த காரியம் அப்போதுதான் தொடங்குகிறது. நான்கைந்து நொடி மௌனத்தைத் தாங்க முடியாமல் இடையில் பேசிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

வகுப்பில் இதை மூவர் மூவராகப் பழகுவார்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பார். 15 நிமிடம் முடிந்ததும் இடம் மாறுவார்கள். அதைப் பதிவு செய்து, சொன்னது சொன்னபடியே எழுத்தில் இறக்கி, நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனை முறை அவர் சொன்னதன் உட்பொருளை எடுத்துக் கொடுத்தீர்கள் என்று எண்ண வேண்டும். மில்லரும் ரோல்னிக்கும் வகுத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில் ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு (அப்படி உட்பொருளை எடுத்துக் கொடுப்பது) என்றால் பரவாயில்லை, இரண்டு என்றால் நன்று என்பது அளவு. புதியவர்களின் முதல் பதிவில் பெரும்பாலும் கேள்வியாகவே இருக்கும். மண்டியில் கணக்கு எழுதுவதைப் போல ஒவ்வொரு வரியாகப் பார்த்து எண்ணினால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

நம் ஊரில் வருத்தம் உடம்பின் வழியாகத்தான் வெளியே வரும். 'நெஞ்சு படபடன்னு வருது', 'தொண்டைக்குழி அடைக்குது', 'கை கால் ஓஞ்சு போச்சு', 'ஒரே விசனமா இருக்குது' என்பார்கள். அதை உடனே 'டிப்ரெஷன்' என்று மொழிபெயர்க்காதீர்கள். அவர் சொன்ன சொல்லிலேயே திருப்பிக் கேளுங்கள். அதோடு, தைராய்டும் ரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் கொடுக்கும். மாதக்கணக்கில் அசதி என்றால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பேச்சைத் தொடர்வதே முறை.

கேள்வி: நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் ஆலோசகராகச் சேர்ந்திருக்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்ற வாக்குறுதி வாங்கிக்கொண்டு ஒரு மாணவி தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால், இரகசியம் காப்பதா, நிர்வாகத்திடம் சொல்வதா?

பதில்: இரண்டும் போதாது. 18 வயது நிறையாதவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ சொல்லலாம். நிர்வாகம் "பள்ளி பேர் கெட்டுவிடும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னாலும் உங்கள் கடமை அப்படியேதான் இருக்கும்.

ஆனால் தவறு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று முதலில் வாக்குக் கொடுத்ததுதான் தவறு. முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே, "நீ பேசுறது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலோ, பெரியவங்க யாராவது உன்னைத் தப்பாத் தொட்டிருந்தாலோ மட்டும் நான் சொல்லியாகணும். அப்பவும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிள்ளையை மீண்டும் மீண்டும் விவரம் கேட்டுத் துருவாதீர்கள். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். விசாரிப்பது காவல்துறையின் வேலை. அதிகாரிகள் சீருடையில் வராமல், முடிந்த அளவு பெண் அதிகாரியாக, பிள்ளை இருக்கும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை அவளிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். பாதி பயம் அதில் தீரும்.

கேள்வி: படிப்பு முடிக்கப் போகிறேன். எதிரில் இருப்பவர் 'சாகணும்னு இருக்குது' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. (வாசகர், ஆத்தூர்)

பதில்: அவர் சொல்லும் வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். "சாகணும்னு தோணுதுங்களா?" என்று நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கும் சுமை இறங்கிய மாதிரி இருக்கும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தின் கடைசிக் கேள்வி இதுவே. மொத்த மதிப்பெண் 27-க்கு எவ்வளவு வந்தாலும், ஒன்பதாவதில் பூஜ்ஜியம் தவிர வேறு எது விழுந்தாலும் பேச்சை அங்கே நிறுத்தி இதை மட்டும் பேசுங்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, இன்று இரவு வீட்டில் யார் இருப்பார்கள்? இந்த நான்கையும் கேட்காமல் அவரை அனுப்பக் கூடாது.

'என் மேல சத்தியம் பண்ணுங்க' என்று வாக்கு வாங்குவது நம் பழக்கம். அது யாரையும் காப்பாற்றியதாக உறுதியான சான்று இல்லை. அடுத்த முறை தவறினால் உங்களிடம் வரவே கூசுவார். அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லியும் பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை அவர் கையாலேயே எழுத வையுங்கள். வரப்போவதை உணர்த்தும் அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனதை மாற்றும் இடமும் ஆட்களும், உதவி கேட்கக்கூடிய நெருங்கியவர், தொழில்முறை உதவி எண்கள், ஆபத்தானதை அகற்றுவது என்று ஆறு படி. நம் பக்கத்தில் ஆறாவது படியை முதலில் முடிக்க வேண்டும். கட்டுத்தறியிலும் மோட்டார் ரூமிலும் இருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றச் சொல்லி, அவர் சம்மதத்தோடு வீட்டில் ஒருவரிடம் பேசுங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. ஆபத்து உடனடி என்றால் தனியாக விடாமல் அரசுத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் இலவசம். அன்று மாலையே உங்கள் மேற்பார்வையாளரையும் அழையுங்கள். அதற்காகத்தான் அவர் இருக்கிறார்.

கேள்வி: குடிப்பழக்கம் உள்ளவர்கள் வந்தால் பேசியே திருத்த முடியுமுங்களா? (வாசகர், பவானி)

பதில்: பேச்சு உதவும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவரிடம் "நாளையிலிருந்து தொடவே கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், இல்லாதது தெரிவது, நினைவு தடுமாறுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், பிறகு நீங்கள். காதில் குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் நாட்கணக்கில் அதீத உற்சாகம், பிரசவத்துக்குப் பின் குழப்பம், புதிதாக வந்த மறதி ஆகியவற்றுக்கும் இதே வரிசைதான்.

கேள்வி: பல்லடத்தில் சொந்தமாக அறை எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். யார் வந்தாலும் 'எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க' என்று கேட்டு, எப்படியோ சொந்தம் கண்டுபிடித்துவிடுகிறார்களே?

பதில்: ஊர்ப் பேரைச் சொல்லலாம், தவறில்லை. கூட்டம், குலம் விசாரிப்பை, "அதைத் தெரிஞ்சுக்காம இருந்தாத்தான் உங்களுக்கு நல்லா உதவ முடியுமுங்க" என்று மரியாதையாக நிறுத்திவிடுங்கள். பங்காளி வீடு, சம்பந்தி வீடு, சீட்டுக் கட்டுகிற வீடு, பிள்ளையின் டீச்சர் ஆகியோரைப் பார்க்கவே வேண்டாம். கோவையிலோ ஈரோட்டிலோ நம்பகமான இருவர் எண்ணை வைத்துக்கொண்டு அங்கே அனுப்புங்கள். கல்யாண வீட்டில் எதிர்ப்பட நேரும். "நீங்களாகப் பேசினால் பேசுவேன், இல்லாவிட்டால் தெரியாதவர் மாதிரி போய்விடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இருவருக்கும் சங்கடமில்லை. குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண் போட்டு, பெயர்ப் பட்டியலை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். அறை வாசல் கடைவீதியைப் பார்த்திருந்தால், பின்பக்கம் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.