நடுராத்திரி சாவு பயம்: சுங்கை சிப்புட் தம்பிக்கு

தம்பி, அப்பா தவறிய பிறகு ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்துவிடுவதாகச் சொல்கிறீர்கள். அம்மா கோயிலுக்குப் போகச் சொல்கிறார். உங்களுக்கோ நம்பிக்கை இல்லை. முதலில் அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் காட்டிவிடுங்கள், 1 ரிங்கிட்தான். இதயத்தில் கோளாறு இல்லையென்றால் இது திடீரென்று வரும் கடும் பயமான பீதித் தாக்கமாக (panic attack) இருக்கலாம். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும். அதோடு மல்லுக்கட்டாமல் உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.

அப்புறம், சாமி கும்பிடாவிட்டாலும் அடுத்த வாரக் கருமாதிக்கு அவசியம் இருங்கள். படையலில் அப்பாவுக்குப் பிடித்த நெத்திலி சம்பலை வைக்கும்போது, அவரோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெரியவர்கள் பழைய கதையெல்லாம் எடுப்பார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து கேளுங்கள். மந்திரத்தைவிட அந்தப் பேச்சுதான் உங்களைத் தாங்கும் என்று நம்புகிறேன்.

அப்படியும் பயம் விடவில்லையென்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் (HEAL) 15555-க்கு அழைத்துப் பேசுங்கள்.