நுவரெலியாக் குளிருக்கும் கள்ளனுக்கும் தாங்கும் முன்கதவு எது?

நானுஓயாவில் 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டுகிறேன், முன்கதவுக்கு மரம் போடுவதா, இரும்பா, யுபிவிசி என்ற பிளாஸ்டிக்கா, குளிரும் உள்ளே வரக்கூடாது, கள்ளனும் வரக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தச்சு வேலை பாஸும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. கொட்டகலையில் இருக்கிறேன். ஒரே வாசலுக்கு ஏழு வருஷத்தில் இரண்டு கதவு போட்டவன், அவ்வளவுதான் தகுதி. மரமா இரும்பா என்று மண்டையை உடைக்காதீர்கள். கதவு உட்காரும் நிலைக்கு முதலில் காசு ஒதுக்குங்கள், கதவைச் சுற்றி விழும் இடைவெளியை அடைக்க அடுத்து ஒதுக்குங்கள், மிச்சத்தில் கதவு வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

என் முதல் கதவு மகோகனி. கொழும்பில் ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கி லொறியில் ஏற்றி வந்தேன். குளிரூட்டிய ஷோரூமில் நின்ற கதவு, நடுவில் தாமரை செதுக்கியிருந்தது. ஜனவரியில் மாட்டியபோது ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடும். ஜூன் வந்ததும் தோளால் இடித்துத்தான் மூட வேண்டியிருந்தது. பாஸைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்தோம். அடுத்த பெப்ரவரியில் பூட்டுப் பக்கம் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. மறுபடி மழை, மறுபடி இழைப்பு. கடைக்காரரைத் திட்டி என்ன செய்ய, மரம் அதன் வேலையைத்தான் செய்தது.

மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப தண்ணீரை எடுக்கும், விடும். காற்றில் 80 சதவீத ஈரப்பதம் நின்றால், மரத்துக்குள் கிட்டத்தட்ட 16 சதவீதம் ஈரம் வந்து நிற்கும். அதைவிட நன்றாகக் காய்ந்த மரத்தை மலைக்குக் கொண்டுவந்தால் ஊதும். பச்சையாக வாங்கினால் சுருங்கி முறுக்கும். இந்த மாற்றம் எல்லாம் அகலத்தில்தான், நீளத்தில் அநேகமாக ஒன்றும் இருக்காது. அதனால்தான் பழைய ஆசாரிமார் சட்டம் போட்டு, அதன் பள்ளத்துக்குள் பலகையை ஒட்டாமல் சும்மா செருகி விடுவார்கள். பலகை ஊதினாலும் சுருங்கினாலும் சட்டத்துக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும், கதவின் அகலம் பெரிதாக மாறாது. அகலப் பலகைகளை ஒட்டிச் செய்த கதவு பார்க்கக் கம்பீரம்தான், எங்கள் மழைக்குச் சரிவராது.

இன்னொரு விஷயம், இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். எங்கள் பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை எல்லாம், ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த வெயில். டிம்புள்ள தேயிலைக்கு நல்ல வாசனை ஏறும் சீசன் அது. கொழுந்து மணக்கிற அதே மாதத்தில்தான் கதவும் சுருங்கும். மே கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கினால் எல்லாம் ஊதும். பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்களுக்கு இது நேர்மாறு. நாங்கள் ஜூலையில் நனைந்துகொண்டிருக்கும்போது அங்கே காய்ந்த கச்சான் காற்று வீசும், ஊவாத் தேயிலைக்கு அதுதான் சீசன். ஆகவே கதவுக்கு எந்த மாதத்தில் அளவெடுக்கிறார்கள் என்று பாருங்கள். மழை மாதத்தில் மாட்டினால் பக்கத்துக்கு 2 மில்லிமீற்றர் விட்டால் போதும், மரம் ஏற்கனவே ஊதித்தான் இருக்கும். காய்ந்த மாதத்தில் மாட்டினால் 4 விடச் சொல்லுங்கள். கதவின் தலையையும் அடியையும் கூட வார்னிஷ் பூசாமல் மாட்ட விடாதீர்கள். பாஸ்மார் அதை மட்டும் மறப்பார்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும்.

சரி, குளிர். நானுஓயாவில் இரவில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் 10 பாகை வித்தியாசம் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றடிக்கு ஏழடிக் கதவு, பரப்பு கிட்டத்தட்ட 2 சதுர மீற்றர். ஒன்றே முக்கால் அங்குலத் தடிப்பான மரக்கதவு என்றால் பலகை வழியாக வெளியேறும் சூடு சுமார் 60 வாட். பழைய குண்டு பல்ப் ஒன்று. உள்ளே நுரை அடைத்த நல்ல கதவு போட்டால் அது 30 வாட்டுக்கு இறங்கும். பத்து மணி நேர இரவில் மிச்சம் 0.3 யுனிட். இதற்காகவா இரண்டு மடங்கு விலை?

இப்போது கதவின் அடியைப் பாருங்கள். அரை அங்குல இடைவெளி, மூன்றடி நீளம். சின்னதாகத் தெரியும். மெல்லிய காற்று, நொடிக்கு 1 மீற்றர் வேகத்தில் அதற்குள் நுழைந்தால், அந்தக் காற்றைச் சூடாக்கவே சுமார் 120 வாட் வேண்டும். மழைக்காற்று அப்படி மெதுவாகவா வருகிறது? பலகையைவிட இடைவெளிதான் வீட்டைக் குளிராக்குகிறது. தோட்டத்து லய வீட்டில் இருந்தபோது அம்மா இருட்டினதும் பழைய கம்பளியைச் சுருட்டிக் கதவடியில் வைப்பார். அந்தக் கணக்கு அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, நான் கொழும்பு வரை போய் மகோகனி வாங்கி வந்தேன்.

கதவுக்கு மேலே வென்டிலேட்டர் வைக்கும் பழக்கம் நம் நாட்டில் இருக்கிறதே, மரச்சட்டமோ கம்பியோ போட்டு? கொழும்புக்கு அது அருமை, சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும். நமக்கும் அதையேதான் செய்யும், நாம் விறகு எரித்தோ ஹீட்டர் போட்டோ உண்டாக்கிய சூட்டை வெளியே அனுப்பிவிட்டு, கதவடியால் பனிக்காற்றை உள்ளே இழுக்கும். கண்ணாடி போட்டு மூடிவிடுங்கள். ஆனால் ஒன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். கரிச்சட்டியில் நெருப்பு வைத்து அறைக்குள் குளிர்காயும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், எதையும் இறுக்கி அடைக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். முதலில் கரிச்சட்டியை வெளியே வையுங்கள், அப்புறம் கதவை அடைக்கலாம். விறகடுப்பு இருக்கும் குசினிக்கும் காற்று வழி இருந்தே ஆக வேண்டும்.

இடைவெளியை அடைக்க, ஹார்ட்வெயார் கடையில் விற்கும் ஒட்டும் ஸ்பொஞ்ச் பட்டியை வாங்க வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் நசிந்து கறுத்துப்போகும். ஈபிடிஎம் ரப்பர் பட்டி என்று கேளுங்கள். நிலையில் சின்னப் பள்ளம் வெட்டி அதற்குள் அழுத்தினால் பல வருஷம் இருக்கும். அடியில் பிரஷ் வைத்த அலுமினியப் பட்டி. வெளிப்பக்கம் கதவின் கால்மாட்டில் சரிவான ஒரு மரக்கட்டை, வழியும் மழைநீர் வாசற்படிக்கு உள்ளே போகாமல் வெளியே சொட்ட. இரட்டைக் கதவு ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், நடுவில் இன்னொரு ஏழடி இடைவெளியைக் காசு கொடுத்து வாங்குவதுதான் அது. கல்யாண வீட்டுக்கு அலமாரி ஏற்ற வேண்டும் என்பார்கள். அலமாரி வருஷத்துக்கு எத்தனை தரம் வரும்?

சோதிக்க ஒரு வழி. வீரகேசரிப் பத்திரிகையில் ஒரு தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். சும்மா வந்துவிட்டால் அந்த இடத்தில் காற்று போகிறது. காற்றடிக்கும் இரவில் ஊதுபத்தியை ஓரமாகக் கொண்டுபோனால் புகையே இடத்தைக் காட்டும்.

கூரை தகரமாக இருந்து சீலிங் அடிக்கவில்லை என்றால் இவ்வளவும் வீண். அந்தக் காசில் முதலில் சீலிங் அடியுங்கள்.

கள்ளன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தீபாவளிக்குப் பதுளையில் மனைவி வீட்டுக்குப் போய் மூன்று நாள் நின்றோம். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. தாமரைக்கு ஒரு கீறல் இல்லை. கள்ளன் கதவைத் தொடவே இல்லை, கம்பியை நிலைக்கும் பூட்டுக்கும் நடுவில் விட்டு நெம்பியிருக்கிறான். நிலை இளமரம், சுவரோடு பிடித்திருந்தது பக்கத்துக்கு மூன்று ஆணி. பூட்டின் நாக்கு நுழையும் இடத்தில் மரம் பிளந்து விழுந்திருந்தது. டிவி, கேஸ் சிலிண்டர், மனைவியின் தையல் மெஷின் மூன்றும் போயின. சிலிண்டரைக் கூடவா என்று மாமியார் இன்னும் கேட்கிறார்.

இரண்டாம் தடவை நிலையிலிருந்து தொடங்கினேன். நாலங்குலத்துக்கு மூன்றங்குலக் கனமரம். பக்கத்துக்கு மூன்று இரும்புக் கிளாம்ப், சுவருக்குள் சிமெந்து கொங்கிறீட்டில் புதைத்து. பூட்டு நாக்கு நுழையும் இடத்தில் நீளமான இரும்புத் தகடு, அதைப் பிடிக்க மூன்றங்குலத் திருகாணி. தகட்டோடு வரும் முக்கால் அங்குல ஆணி பொம்மை வேலைக்குத்தான் ஆகும். பிணைச்சல் இரண்டு போதும் என்பார் பாஸ், மூன்று போடச் சொல்லுங்கள். கனமான கதவு இரண்டில் தொங்கினால் தலை சாயும், சாய்ந்தால் நீங்கள் ஒட்டிய ரப்பர் எல்லாம் ஒரு பக்கம் நசியும், மறுபக்கம் வாய் பிளக்கும். இங்கே திருட்டுக்குச் செய்த செலவு குளிருக்கும் வேலை செய்கிறது, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பூட்டு ஐந்து லீவர் உள்ள, கதவுக்குள் புதைக்கும் வகை. நாக்கு 20 மில்லிமீற்றராவது வெளியே வர வேண்டும், கடையில் சாவியைத் திருப்பி அளந்து பாருங்கள். உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள். வெளியே கொண்டி போட்டு ஆமைப்பூட்டு தொங்கவிடுவது, வீட்டில் ஆள் இல்லை என்று பலகை எழுதி வைப்பதற்குச் சமம். பூட்டுக்குக் கை எட்டும் தூரத்தில் கண்ணாடி வேண்டாம். விரல் வைத்தால் திறக்கும் எலெக்ட்ரோனிக் பூட்டு பற்றிக் கேட்காதீர்கள், எங்கள் மூடுபனியில் அதற்குள் ஈரம் போனால் நான் பொறுப்பில்லை.

இரவில் உள்ளிருந்து சாவி போட்டுப் பூட்டினால், சாவியை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் மாட்டுங்கள், ஜன்னல் வழியாகக் கை எட்டாத இடத்தில். லயத்தில் ஒரு காம்பராவில் தீ பிடித்தால் வரிசை முழுக்க எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டில் சாவி தேடக்கூடாது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு. இரும்பு, உள்ளே வெற்றாக இருப்பது, வேண்டாம். குளிர் அப்படியே கடக்கும். விடியற்காலையில் அதன் உள்பக்கம் வியர்த்துத் தண்ணீர் ஓடும், சமையல் ஆவியும் மூச்சும் குளிர்ந்த தகட்டில் பட்டால் வேறென்ன ஆகும். ஓரத்தில் துரு. நுரை அடைத்த இரும்புக் கதவு நல்லது, ஆனால் வெட்டு முகத்தைக் காட்டச் சொல்லி வாங்குங்கள், சிலதில் உள்ளே கடதாசி அட்டைதான் இருக்கும். யுபிவிசி ஈரத்துக்கு ஊதாது, சுருங்காது, காற்றையும் நன்றாக அடைக்கும். உள்ளே இரும்புச் சட்டம் வைத்ததாக இருந்தால் மட்டும் முன்வாசலுக்கு எடுக்கலாம். குளியலறைக்கு விற்பதை முன்னால் மாட்டினால் ஒரு உதை போதும்.

நான் கடைசியில் போட்டது பலா. கிடைத்தால் தேக்கும் நல்லது. பலா வெட்ட அனுமதி வேண்டும், ஆகவே மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். விலை கட்டாவிட்டால் டர்பன்டைன் மரம் நிலைக்குத் தாராளமாகப் போதும், கனமும் உறுதியும் இருக்கிறது, நன்றாகக் காய வைக்க வேண்டும், அவ்வளவுதான். தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நடும் சவுக்கு வேண்டாம்.

காசு மிஞ்சினால் இஸ்தோப்பை, அதாவது முன் விறாந்தையை, அரைச்சுவரும் கண்ணாடியும் வைத்து அடைத்து, அதற்கு ஒரு சாதாரணக் கதவு போடுங்கள். ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்கும், சாரலும் முன்கதவில் அடிக்காது. நான் போட்டேன். வீட்டுக்குள் வித்தியாசம் அன்று இரவே தெரிந்தது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா முன்பு போல வந்து படியில் உட்காருவதில்லை, "கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கீங்க, எப்படித் தட்டுறது?" என்கிறார்.

நிலை வைத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் வைக்கவில்லை என்றால், தரைக்கு டைல்ஸ் போடப்போகிறீர்களா என்பதை இன்றே மேசனிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கதவு மாட்டிய பிறகுதான் டைல்ஸ் வந்தது. கதவின் அடியில் ஒரு அங்குலம் அறுத்தார்கள், அறுத்த இடத்துக்கு யாரும் வார்னிஷ் பூசவில்லை.