22 சென்ட் யாருக்கு? மனைப்பிரிவு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூங்கா இடம் பற்றியவை. அவற்றில் பலவற்றில் நிலத்தின் பரப்பே இல்லை. “என் நிலத்தில் எவ்வளவு விட வேண்டும்?” என்று மட்டும் கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? சர்வே எண் வேண்டாம், அதை யாரிடமும் தர வேண்டியதில்லை. பரப்பு எவ்வளவு, நன்செயா புன்செயா, பட்டா யார் பெயரில் என்று மூன்று வரி எழுதுங்கள்.

பல்லடம் பக்கம் 3 ஏக்கர் புன்செய், அப்பா வழிச் சொத்து. மனை போடப் போனால் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு இலவசமாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். இழப்பீடு இல்லாமல் நிலத்தை எடுக்க அரசியல் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

உங்கள் கோபம் புரிகிறது. தலைமுறையாக வைத்திருந்த மண்ணில் ஒரு சென்ட் கொடுப்பதும் யாருக்கும் லேசான விஷயம் இல்லை. ஆனால் அரசு உங்கள் நிலத்தை எடுக்க வரவில்லை. அது தோட்டமாக இருக்கும்வரை பூங்காவுக்கென்று ஒரு சென்ட் கூட யாரும் கேட்க முடியாது. அறுபது வீடு வரும்படி அதைப் பிரித்து விற்க அனுமதி கேட்கும்போதுதான் இந்த நிபந்தனை வருகிறது. சட்டத்தின் வழியில்லாமல் யார் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிற அரசியல் சட்டப் பிரிவு 300ஏ-ஐ வைத்து இதே வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். சென்னைப் பெருநகரப் பகுதி விதி பற்றிய அந்த வழக்கில் 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: தானமாகக் கேட்பது செல்லும்.

கணக்கு இதுதான். 3 ஏக்கரில் சாலைக்குச் சுமார் 80 சென்ட் போய்விடும். மீதி 220-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 22 சென்ட். சாலையைக் கழித்துவிட்டுத்தான் 10 சதவீதம். 300-க்கு 30 என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், இடத்துக்குப் பதில் பணம் கட்டும் வழியும் கிடையாது.

மொத்தமே 70 சென்ட்தான். எனக்கும் உண்டா?

இல்லை. 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட் வரை, பூங்கா இடம் விட வேண்டாம். சாலைக்கான இடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

2 ஏக்கரை மனைவி, மகன், என் பெயர் என்று மூன்றாக எழுதி, தனித்தனியாக அனுமதி வாங்கினால் பூங்கா விட வேண்டாம் என்று புரோமோட்டர் சொல்கிறார். சரிதானே?

சரியில்லை. திட்ட அலுவலகத்தில் தாய்ப்பத்திரத்தையும், சர்வே எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் கேட்பார்கள். ஒரே நிலத்தைப் போன மாதம்தான் மூன்றாகக் கிழித்தீர்கள் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். 2 ஏக்கருக்கு நேர்வழியிலேயே இடம் இருக்கிறது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடமாகத் தராமல் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். அப்புறம், இப்படி யோசனை சொல்கிற ஆளுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வரைபடத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொரு மூலையும் எங்கே விழுகிறது என்று நிலத்தில் நடந்து பார்த்த பிறகுதான் பவர். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

குலதெய்வ மேடையும் பழைய கிணறும் இருக்கும் மூலையைப் பூங்காவாகக் காட்டிவிட்டால் இரண்டும் எங்களிடமே இருக்குமா?

இருக்காது. தானம் எழுதிய அன்றே அந்த மூலை ஊராட்சிக்குப் போய்விடும். அதன் பிறகு பூஜை செய்வதற்கும் நீங்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும். வரைபடம் போடும் முன்பே மேடை இருக்கும் இடத்தை மனைப்பிரிவுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள்.

தானப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது. பூங்கா இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. பட்டா இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. விற்றுவிடலாம் என்கிறான் மகன். விற்கலாமா?

கூடாது. உங்களுடையதாக இல்லாத நிலத்தை விற்பது குற்றம். பட்டாவில் பெயர் இருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது.

இந்தக் கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். வருஷத்துக்கு நான்கைந்து முறை வருகிறது. பத்திரத்தோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். இறுதி அனுமதிக்குத் தானப் பத்திரம் வேண்டும் என்பதால் புரோமோட்டர் அதை வேகமாகப் பதிவு செய்கிறார். அனுமதி கையில் வந்ததும் அந்த இடத்தை மறந்துவிடுகிறார். ஊராட்சிச் செயலர் மாறிப் போகிறார், நகல் எந்தக் கோப்பில் என்று அடுத்தவருக்குத் தெரியாது. உட்பிரிவு செய்து ஊராட்சி பெயருக்குப் பட்டா மாற்றும்படி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போட வேண்டும், அதை யாருமே போடுவதில்லை.

நான் வரைபடம் போட்டுக் கொடுத்த ஒரு மனைப்பிரிவிலேயே இது நடந்தது. 30 சென்ட் பூங்கா. பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டா மாறவில்லை. பெரியவர் காலமானார். வாரிசுகள் தங்கள் பெயருக்குப் பட்டா மாற்றி இரண்டு பேருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் எட்டு வருஷத்துக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள். தானப் பத்திரம் ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. ஒருவர் வீடே கட்டிவிட்டார். பூங்காவை நம்பி மனை வாங்கிய குடும்பங்கள் ஒரு பக்கம், சேமிப்பை எல்லாம் கொட்டி வீடு கட்டியவர் இன்னொரு பக்கம் என்று கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள். பட்டா மாறியதா என்று அன்றைக்கு நான் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் ஒப்புதல் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு ஊராட்சிக்குப் போங்கள். பட்டா மாற்றத்துக்கு அவர்களை மனு செய்ய வையுங்கள், உங்கள் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சர்வேயர் வந்து கல் நடும்போது கூடவே நில்லுங்கள். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். யாரும் அசையவில்லை என்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். 22 சென்ட்டோ 30 சென்ட்டோ மனசாரக் கொடுத்தவருக்கு, அது பூங்காவாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை எல்லோரையும் விட அதிகம். பட்டா மாறும்வரை பத்திரம் பாதி வேலைதான்.

அப்படியானால், பயன்படுத்தாத இடத்தின் தானப் பத்திரத்தை ரத்து செய்யலாமா? (இதே பொருளில் மூன்று கடிதங்கள்)

ஏற்றுக்கொண்டு பதிவான தானத்தை ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. பூங்கா அமைக்கச் சொல்லி வழக்குப் போடலாம்.

எங்கள் மனைப்பிரிவின் பூங்காவில் தனியார் மருத்துவமனைக்கு இடம் கொடுக்கப்போவதாகப் பேச்சு. மருத்துவமனைதானே, நல்லதுதான் என்கிறார்கள் சிலர்.

மருத்துவமனை நல்லதுதான். அதற்கு வேறு இடம் பார்க்கட்டும். பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் இதேதான் நடந்தது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவ அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குக்குப் போனவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான். தீர்மானம் நிறைவேறும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

2019-இல் அங்கீகாரம் இல்லாத மனை வாங்கினேன். வரன்முறைப்படுத்த முடியுமா?

நீங்கள் வாங்கிய தேதியைப் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. அந்தப் பிரிவில் ஒரு மனையாவது, வரன்முறைத் திட்டம் வைத்த கெடுவான 20.10.2016-க்குள் பத்திரமாகி இருந்ததா என்று முதலில் பாருங்கள். அதைக்கூடப் பார்க்காமல் எப்படிப் பணம் கொடுத்தீர்கள்?

புரோமோட்டர் பூங்காவாகக் காட்டியிருப்பது ஓடையோரப் பள்ளம். மழை வந்தால் இடுப்பளவு தண்ணீர். நில உரிமையாளரான எனக்கு இதில் என்ன?

உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது, கையெழுத்து உங்களுடையது. அந்தப் பள்ளம் ஓடைப் புறம்போக்கா, உங்கள் பட்டா நிலமா என்று புலப்படத்தில் பாருங்கள். புறம்போக்கு என்றால் அது ஏற்கெனவே அரசின் நிலம், அதைத் தானமாகக் காட்ட வழியே இல்லை. உங்கள் பட்டா நிலமாகவே இருந்தாலும், பிள்ளைகள் கால் வைக்க முடியாத குழியைக் கணக்குக்குக் காட்டாதீர்கள். தெருவிலிருந்து நேரே நடந்து போகிற மாதிரி ஒரு மேட்டு மனையை மாற்றிக் கேளுங்கள். பவரில் கையெழுத்துப் போடும் முன் நடந்து பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இன்னும் பதிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே வரைபடத்தோடு போய் நில்லுங்கள்.