சோயிங்காவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நாடகம், கவிதை, தன்வரலாறு என்று மூன்றிலும் எழுதியிருக்கிறாரே, வோலே சோயிங்காவை எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1986இல் நோபல் வாங்கிய நாடகாசிரியர் என்பதால் பலரும் நாடகத்தைத்தான் முதலில் படிக்கச் சொல்வார்கள். நான் 'அக்கே'யைச் சொல்வேன், 1981இல் வந்த அவருடைய பால்யகால நினைவுகள்.

நைஜீரியாவில் அபேயோகுட்டா என்ற ஊரில், தேவாலய வளாகத்துக்குள் வளர்ந்த பையன். அப்பா தலைமையாசிரியர், பெயரின் முதலெழுத்துகள் எஸ்.ஏ., அதனால் பையனுக்கு அவர் 'எஸ்ஸே'. மூன்று வயதுகூட நிரம்பாமல், அப்பாவின் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அக்கா பின்னாலேயே பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்துவிடுகிறான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எகுங்குன் பற்றி வரும் பக்கங்கள். நைஜீரியாவின் யொருபா மக்களிடம் முன்னோர் திரும்பி வரும் ஆட்டம் அது. தலை முதல் கால்வரை துணி மூடிய உருவம் தெருவில் வரும், வந்திருப்பது இறந்தவர்தான், வேஷம் கட்டிய ஆள் என்று பார்க்கவே கூடாது. தேவாலயத்து வண்ணக் கண்ணாடியில் நீள அங்கியோடு நிற்கும் பாதிரியார்களைப் பார்த்தால் அந்தப் பையனுக்கு அதுவும் எகுங்குன் உடையாகத்தான் தெரிகிறது. இரண்டு நம்பிக்கைகளும் அவன் மனதில் சண்டையே போடாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அப்புறம் 'டெத் அண்ட் த கிங்ஸ் ஹார்ஸ்மன்' நாடகத்துக்கு வாருங்கள். நைஜீரியாவின் ஓயோ நகரில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து எழுதி, 1975இல் வெளியானது. மன்னர் இறந்தால் அவருடைய தலைமைக் குதிரைவீரன் எலெசினும் உயிர்விட்டு உடன்போக வேண்டும், ஆங்கிலேய மாவட்ட அதிகாரி அதைத் தடுக்கிறார், இதுதான் கதை. இரண்டாம் காட்சியில் அந்த அதிகாரியும் மனைவியும் மாறுவேட விருந்துக்காக, பறிமுதல் செய்த எகுங்குன் உடையை மாட்டிக்கொண்டு டாங்கோ ஆடிப் பார்க்கிறார்கள். எலெசின் சாகப்போகும் செய்தியைச் சொல்ல வந்த சார்ஜென்ட் அமுசா அதைப் பார்த்து நடுங்கிப்போய் வாய் திறக்க மறுக்கிறார். சாவின் உடையைப் போட்டிருப்பவரிடம் சாவைப் பற்றி எப்படிப் பேசுவது? கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நான் நாடகத்தை முதலில் படித்தபோது இதை ஒரு வேடிக்கைக் காட்சி என்று நினைத்துக் கடந்துபோய்விட்டேன். 'அக்கே' படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அதே இடத்தில் எனக்கு நெஞ்சை அடைத்தது, அந்தத் துணிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்திருந்தது. இதைக் கலாச்சார மோதல் என்று சுருக்காதீர்கள் என்று அவரே முன்னுரையில் கண்டிப்பாகச் சொல்கிறார், அதையும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கவிதை தனியாக வேண்டும் என்பதுகூட இல்லை, இந்த நாடகத்திலேயே இருக்கிறது. சந்தையில் எலெசின் ஆடிக்கொண்டே சொல்லும் 'நான் இல்லை' பறவையின் கதையில், சாவு கூப்பிட்டதும் உழவன், வேட்டைக்காரன், தாசி என்று ஒவ்வொருவராக "நான் இல்லை" என்று நழுவுகிறார்கள். எலெசின் மட்டும் நான் தயார் என்கிறான். நாடகம் முழுக்க அவனைத் துரத்துவது அந்த ஒரு வாக்குதான்.

சிறையில் எழுதியவை வேறு மாதிரி. நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், பிரிந்துபோன கிழக்குப் பகுதியான பியாஃப்ராவின் தலைவரைச் சந்தித்ததால் சோயிங்காவை 1967 ஆகஸ்டில் பிடித்தார்கள், 1969 அக்டோபரில்தான் விட்டார்கள், பெரும்பகுதி தனிமைச் சிறை. அதிலிருந்து வந்த இரண்டு புத்தகங்களும் 1972இல் வெளியாயின: உரைநடையில் 'தி மேன் டைட்', கவிதையில் 'எ ஷட்டில் இன் த கிரிப்ட்'. முதலாவதில் கோபம் கொதிக்கிறது. கிடைத்த புத்தகங்களின் வரிகளுக்கு இடையிலும் கழிவறைக் காகிதத்திலும் எழுதியிருக்கிறார். கவிதைகள் இறுக்கமானவை, முதல் வாசிப்பில் பிடிபடாது, எனக்கும் பிடிபடவில்லை. அதனால் உரைநடையை முடித்துவிட்டு அதே கையோடு 'லைவ் பரியல்' கவிதையை எடுங்கள். 16க்கு 23 காலடி என்று இடத்தை அளந்துதான் அது தொடங்குகிறது. தொகுப்பின் தலைப்பில் வரும் ஷட்டில் என்றால் தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடா. சரி, அந்த அளவை நீங்களே நடந்து பாருங்கள், திரும்பத் திரும்ப, பிறகு கவிதையை வாய்விட்டுப் படியுங்கள்.