வெண்கட்டியைத் தண்ணீரில் போட்டால் கரையுமா?

வெண்கட்டியைப் போட்டதும் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கிறதே, அப்போ அது கரைந்துவிட்டதா என்று மகள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை, பெரும்பகுதி கரையவே இல்லை. கிளாஸை அசைக்காமல் விடியும்வரை வையுங்கள், மாவெல்லாம் அடியில் இறங்கி மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். கரைந்த சீனி அப்படி இறங்காது. போட்டவுடன் வரும் குமிழிகளும் வேறொன்றுமில்லை, கட்டிக்குள் இருக்கும் சின்னத் துளைகளில் தண்ணீர் புகுந்து காற்றைத் தள்ளுகிறது.

வெண்கட்டி மாவும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நான் சின்ன வயதிலேயே பட்ட பாடு. 1996இல் போரால் இடம்பெயர்ந்து வன்னியில் புதுக்குடியிருப்புப் பக்கம் வந்து, முதலில் மரத்துக்குக் கீழேயும் பிறகு கிடுகுக் கொட்டிலிலும் படித்தோம். வெண்கட்டி அருமை. ரீச்சர் விரலால் பிடிக்க ஏலாமல் விட்ட துண்டுகளை நானும் தம்பியும் நாள்கணக்காகச் சேர்த்து, கல்லில் குத்தி மாவாக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பப்பாசி இலையின் காம்புக் குழலுக்குள் அடைத்து வெயிலில் காய வைத்தோம். பார்க்க வடிவாகத்தான் வந்தது. கரும்பலகையில் வைத்து இழுத்ததும் அப்படியே உதிர்ந்துபோனது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் பிறகு ஓ.எல். எனும் பதினோராம் ஆண்டுப் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் விளங்கியது. பலகையில் எழுதும் வெண்கட்டி அநேகமாக ஜிப்சம், அதாவது நீர் சேர்ந்த கல்சியம் சல்பேற்று. ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் சூடாக்கி, அதிலுள்ள நீரில் முக்கால்வாசியைப் போக்கிய மாவைத்தான் குழைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். அந்த மாவு இழந்த நீரைத் திரும்ப எடுத்து, ஊசி ஊசியான பளிங்குகளாக ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடும் வெள்ளைக் கட்டும் இப்படித்தான் இறுகுகிறது. நாங்கள் குத்திய மாவோ ஏற்கெனவே தன் நீரை எடுத்து முடித்தது. எவ்வளவு குழைத்தாலும் அது ஈரமான மாவுதான், பின்னல் விழாது.

சில வெண்கட்டிகள் கல்சியம் காபனேற்றில், அதாவது சுண்ணாம்புக்கல்லில் உள்ள பொருளில், செய்தவை. ஒரு துண்டில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் காபனேற்று, சும்மா நனைந்து கிடந்தால் ஜிப்சம். ஒரு லீற்றர் தண்ணீரில் ஜிப்சம் 2 கிராமுக்குச் சற்றுக் கூடக் கரையும். காபனேற்று 0.02 கிராம்கூடக் கரையாது, ஆனால் தண்ணீரில் காபனீரொட்சைட்டு வாயு இருந்தால் அதைவிடப் பல மடங்கு கரையும். மண்ணுக்குள்ளால் இறங்கும் மழைநீர் அப்படித்தான் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது, கொதிக்க வைத்தால் வாயு போய்விட, கரைந்தது கேத்தில் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறது.

மகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், தெளிந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து கறுப்புத் தட்டில் விட்டு உலரவிடுங்கள். ஜிப்சம் என்றால் வெள்ளை வளையம் தெரியும். அதற்கு மழைத்தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெண்கட்டி போடாமலே வளையம் விடும்.