‘சைவக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று போடலாமா?

கிளிநொச்சிப் பக்கம் வாடகை விளம்பரமும் உடன்படிக்கையும் எழுதிக் கொடுப்பவன் நான். விளம்பரத்தில் யாரையும் ஒதுக்காமல் எழுதுவது எப்படி என்று வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பரந்தனிலிருந்து ஓர் அம்மா: மேல்மாடியை வாடகைக்கு விடப் போகிறேன். ‘சைவக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று போடலாமா தம்பி?

நீங்கள் சொல்வது சமயமா, சாப்பாடா அம்மா? எங்களிடம் அந்த ஒரு சொல் இரண்டுக்கும் போகும். வாசிக்கிற கிறிஸ்தவரும் முஸ்லிமும் தங்களை வேண்டாம் என்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். மச்சம் சமைப்பதுதான் உங்களுக்குப் பிரச்சினை என்றால் ‘மேல்மாடியில் மச்சம் சமைக்க முடியாது’ என்று எழுதுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் கிறிஸ்தவர் வருவார். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத சைவக்காரர் தானாக ஒதுங்கிவிடுவார்.

கிளிநொச்சி: ‘அரச உத்தியோகத்தருக்கு மட்டும்’ என்று எல்லாரும் போடுகிறார்களே?

வாடகை ஒழுங்காக வர வேண்டும், அவ்வளவுதானே? முற்பணம் எத்தனை மாதத்துக்கு, வாடகை எந்தத் திகதிக்குள், மின்கட்டணம் யார் கட்டுவது என்பதை எழுதுங்கள். கணவனை இழந்து தையல் கடை நடத்தும் பெண்ணும் அப்போது உங்கள் கதவைத் தட்டலாம். உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வவுனியா: விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசி எடுத்தேன் அண்ணை. சொந்த ஊர் எது, அப்பா யார் என்று கேட்டார்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்றேன். அப்புறம் ‘வீடு போய்விட்டது’ என்றார்கள். வழக்குப் போடலாமா?

ஊர் கேட்கிற கேள்விக்குள் சாதி ஒளிந்திருப்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் உங்களிடம் பொய் நம்பிக்கை சொல்ல மாட்டேன். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்று இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை சொல்கிறது. அதை வைத்து உயர் நீதிமன்றம் போவது அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்தது. கடை, உணவகம் போன்ற பொது இடங்களில் சாதி பார்த்துத் தடுப்பதை அது குற்றமாக்கியது. தனியார் தன் வீட்டை யாருக்குக் கொடுக்கிறார் என்பதை இரண்டும் நேரடியாகப் பிடிக்கவில்லை.

இதே பதிலை ஒரு பிரதேச சபையோ திணைக்களமோ தன் கட்டடத்துக்குச் சொல்லியிருந்தால் கதை வேறு. ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

புதுக்குடியிருப்பு: எங்கள் வீட்டில் படிகள் அதிகம். ‘மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதல்ல’ என்று முன்கூட்டியே சொல்வது நல்லதுதானே?

நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள். ஆனாலும் வேண்டாம். ‘வாசலில் நான்கு படி, கைபிடி இல்லை. மலசலகூடம் வெளியே, கிணற்றடிக்குப் பக்கத்தில், குந்தி இருக்கும் வகை’ என்று உள்ளதை எழுதுங்கள். பொய்க்காலோடு ஏணியில் ஏறி ஓடு மாற்றுகிறவர்கள் இருக்கிற ஊர் இது. முடியுமா முடியாதா என்பதை அவரே பார்த்துக்கொள்வார். முழங்கால் வலிக்கிற அம்மம்மாவுக்கும் அந்த விபரம் உதவும்.

அறிவியல் நகர்: தனியாக இருக்கிறேன். என் வீட்டு அறையை மாணவிகளுக்கு மட்டும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் அக்கா. ஒரே குளியலறை, ஒரே சமையலறை என்ற காரணத்தையும் சேர்த்துப் போடுங்கள். எந்த ஊர் மாணவி என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கனடா, ஸ்காபரோவிலிருந்து ஒரு முல்லைத்தீவுக்காரர்: இங்கே என் பேஸ்மென்டுக்கு ‘வன்னி ஆட்களுக்கு மட்டும்’ என்று போட்டால்?

அண்ணை, அங்கே வசமாக மாட்டுவீர்கள். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவை தனியார் வீட்டு வாடகையையும் பிடிக்கும். பிறப்பிடம், இனம், மதம் மட்டுமல்ல, அரச உதவிப் பணத்தில் வாழ்கிறவரை அதற்காகவே ஒதுக்குவதும் கூடாது. அப்படி ஒதுக்கப் போவதாக அறிவித்தல் போடுவதே மீறல். வாடகைக்கு வருபவர் உங்களோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால்தான் விலக்கு. உங்கள் பேஸ்மென்டுக்கு இரண்டும் தனியாக இருக்கிறதென்றால் அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.